நாலாம் மாடியில் நின்ற லிஃப்ட்

தம்பி ஜெயித்தவற்றை அக்கா வரிசை தவறாமல் சொல்வாள். ஏழாம் மாதத்தில் பிறந்து ஒரு கைக்குட்டைக்குள் அடங்கிக் கிடந்தவன், மருத்துவச்சி கையை விரித்த பிறகும் பிழைத்தான். இடது கால் வலது காலைவிட இரண்டு விரற்கடை குட்டை, நடக்கவே மாட்டான் என்றார்கள். நாலு வயதில் நடந்தான். ஒன்பது வயதில் நொண்டியாட்டத்தில் அவனை அடித்துக்கொள்ளத் தெருவில் ஆள் இல்லை. மற்றப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு, அவனுக்குப் பழக்கம். பதினெட்டு வயதில் டைஃபாய்டு வந்து தலைமுடியெல்லாம் கொட்டியது. எழுந்தபோது முடி முன்பைவிடச் சுருட்டையாக முளைத்தது. அதையும் வெற்றியில் சேர்க்க வேண்டும் என்பது அக்காவின் கட்சி. இருபத்தேழு வயதில், நாற்பத்துமூன்று பேர் கேட்ட வேலையை வரிசையின் கடைசி ஆளாக நின்று வாங்கினான்.

அது லிஃப்ட் ஓட்டும் வேலை. ஏழு மாடிக் கட்டடம். உள்ளே பொத்தான்கள் இல்லாத பழைய லிஃப்ட். மடங்கி விரியும் கம்பிக் கதவு, ஆள் உட்கார ஒரு முக்காலி, சுவரில் ஒரு பித்தளைக் கைப்பிடி. கைப்பிடியை வலப்பக்கம் திருப்பினால் ஏறும், இடப்பக்கம் திருப்பினால் இறங்கும், விட்டால் நிற்கும். விடுகிற நேரத்தில்தான் சூட்சுமம். கண் இமைக்கும் நேரம் பிந்தினால் லிஃப்டின் தரை ஒரு சாண் மேலே நின்றுவிடும், ஏறுகிறவர் தடுக்கி விழுவார். சோதனைக்கு வந்த நாற்பத்திரண்டு பேரும் ஒரு சாண் மேலேயோ ஒரு முழம் கீழேயோ நிறுத்தினார்கள். தம்பி நிறுத்தியபோது, அங்கே பூச்சு வேலை செய்துகொண்டிருந்த கொத்தனார் தன் ரசமட்டத்தை வாசலின் குறுக்கே வைத்துப் பார்த்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. அன்றிலிருந்து கட்டடத்தில் அவனுக்கு 'ரசமட்டம்' என்றே பெயர்.

எப்படி முடிந்தது என்று கேட்டவர்களுக்கு அவன் சொன்ன பதில் எளிமையானது. ஒரு கால் குட்டையாக இருப்பவனுக்குத் தரை எங்கே இருக்கிறது என்று கண்ணுக்கு முந்தி உள்ளங்காலுக்குத் தெரிந்துவிடும்.

எழுத்து மட்டும் அவனிடம் நிற்கவில்லை. அக்கா ஒரு சீருடை தைக்கும் கடையில் காஜா எடுப்பவள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவள்தான் அவனை வளர்த்தாள், ஆறு வருடம் எழுத்தும் சொல்லிக் கொடுத்துப் பார்த்தாள். பலகையில் இருக்கும்வரை இருக்கும், துடைத்ததும் அவன் தலையிலிருந்தும் போய்விடும். மாதம் ஒருமுறை வருகைப் பதிவேட்டில் கட்டைவிரலை உருட்டிவிட்டு, விரலைத் துடைத்துக்கொண்டே அவன் தன் முக்காலிக்குத் திரும்பிவிடுவான். வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. வெட்கத்தையும் அவனுக்காக அக்காதான் பட்டாள்.

அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் குளித்துவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் பத்து நிமிடம் கண்ணை மூடி உட்காருவான். வாய் அசையாது. அக்காவும் கும்பிடுகிறவள்தான். ஆனால் அவள் வழி வேறு. வேண்டியதையெல்லாம் கடகடவென்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

ஆறு வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடிய பிறகு, 1986 ஜூலை 4ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை உணவை முடித்துக் கை கழுவிக்கொண்டே அவன் சொன்னான்.

"அக்கா, இன்னைக்குக் கடவுள் ஒண்ணு சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"நாலாம் மாடியில நிறுத்து, கதவைத் திறன்னாரு."

"நாலாம் மாடியில யாருடா இருக்கா?"

"யாரும் இல்லக்கா."

உண்மைதான். நாலாம் மாடியில் இருந்த கம்பெனி, பங்காளிகளின் வழக்கில் பூட்டப்பட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. கதவில் நீதிமன்ற முத்திரை. வெளியே மணல் நிரப்பிய ஒரு தீயணைப்பு வாளி. அவ்வளவுதான். அங்கிருந்து லிஃப்டைக் கூப்பிட மணி அடிக்கக்கூட ஆள் கிடையாது.

அக்கா கேலியாகத்தான் ஆரம்பித்தாள்.

"கடவுளுக்கு வேற வேலையே இல்லையா? லிஃப்ட் எங்க நிக்கணும்னு சொல்ல உன்னைத் தேடி வந்தாரா?"

"நான் லிஃப்ட்தானேக்கா ஓட்டுறேன். என்கிட்ட வேற என்னத்தச் சொல்வாரு?"

அவள் கேலியை விட்டாள். எத்தனை நாளைக்கு என்று கேட்டாள். அதை அவர் சொல்லவில்லை என்றான். எதுக்கென்று நீ கேட்கவில்லையா என்றாள். கேட்டானாம், பதில் இல்லையாம்.

அன்றிலிருந்து ஏறும்போதும் இறங்கும்போதும் லிஃப்ட் நாலாம் மாடியில் நின்றது. கம்பிக் கதவை இழுத்துத் திறப்பான். ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் காத்திருப்பான். யாரும் வராததைப் பார்த்துவிட்டுச் சாத்துவான். முதல் வாரம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் வாரம் கேலி ஆரம்பித்தது. ஐந்தாம் மாடி தட்டச்சுப் பள்ளிப் பெண்கள், பேய்க்கும் சேர்த்து இடம் விட்டு நின்றார்கள். மூன்றாம் மாடி பல் டாக்டர், தன்னிடம் வருகிறவர்கள் வாயைத் திறப்பதைவிட இந்தக் கதவு அதிக நேரம் திறந்திருக்கிறது என்றார். ஆறாம் மாடி வக்கீல் மட்டும் சிரிக்கவில்லை. பருத்த ஆள், அவசரக்காரர், எப்போதும் கோர்ட்டுக்கு ஐந்து நிமிடம் தாமதம். அந்த ஐந்து நிமிடமும் நாலாம் மாடியில்தான் தொலைகிறது என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

அக்காவுக்கு எதையும் கண்ணால் பார்க்காமல் தீராது. ஆகஸ்டில் தன் கடைக்கு விடுமுறையான ஒரு நாளில் போய், பதினோரு மணியிலிருந்து லிஃப்டில் ஒன்பது தடவை ஏறி இறங்கினாள். காஜாவில் விட்டுப்போன தையலைத் தேடுவதுபோல் நாலாம் மாடியைத் துருவிப் பார்த்தாள். முத்திரை உடையவில்லை. மணல் வாளியில் யாரோ ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகியிருந்தார்கள். மாடிப்படி பக்கமிருந்த தரையில், வாளி வைத்து எடுத்ததுபோல் ஈரமான ஒரு வட்டம். அதையும் பார்த்தாள், கட்டடம் ஒழுகுகிறது என்று நினைத்துக்கொண்டாள். வேறு ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து கேட்டாள்.

"கடவுள் சொன்னாரா, இல்ல உன் காது சொல்லுச்சா? அதையாவது யோசிச்சியா?"

"யோசிச்சேன்க்கா. ஒரு நாள் நிறுத்தாமலும் போய்ப் பாத்தேன். சாப்பிட்ட கையக் கழுவாம சுத்துற மாதிரி இருந்துச்சு."

அக்டோபர் முதல் வாரத்தில் வக்கீல் ஒரு மனு எழுதினார். ஆளில்லாத மாடியில் லிஃப்டை நிறுத்திப் பொதுமக்களின் நேரத்தை வீணடிக்கும் ஊழியரை மாற்ற வேண்டும் என்று பத்தொன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். கட்டட மேனேஜர் கெட்டவர் அல்ல. தம்பியை உட்காரச் சொல்லித்தான் பேசினார். நாலாம் மாடியில் ஆள் இருந்தால் நிறுத்து, கடவுள் இருக்கிறார் என்றால் அவருக்கு லிஃப்ட் தேவைப்படாது என்றார். தம்பி தலையை ஆட்டிவிட்டு வந்தான். ஒன்றரை நாள் நிறுத்தாமல் ஓட்டினான். அந்த ஒன்றரை நாளும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் மறுபடி நாலாம் மாடியில் நிறுத்தினான். அதன் பிறகுதான் ஓலை வந்தது: 17ஆம் தேதி வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மேனேஜரைப் பார்க்க வேண்டும். அன்று வரைக்கும் லிஃப்ட் நாலாம் மாடியில் நின்றுகொண்டிருந்தால் திங்கட்கிழமை முதல் வேறு ஆள்.

அதை வாசித்துக் காட்டியது அக்காதான். இந்த ஊரில் அவனுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? மூட்டை தூக்கக் கால் விடாது, காகிதம் பார்க்கக் கண்ணில் எழுத்து நிற்காது. அவன் உடம்புக்கும் தலைக்கும் அளவெடுத்துத் தைத்ததுபோல் உலகத்தில் ஒரே ஒரு வேலை இருந்தது, அதையும் அவனே கிழித்துக்கொள்கிறான். அழுதாள், கெஞ்சினாள். ஒரு வாரத்துக்கு நிறுத்தாதே, கடவுள் கோபிக்க மாட்டார், கோபித்தால் அந்தக் கோபம் என் தலையில் விடியட்டும் என்றாள்.

"அவரு கோபிப்பாருன்னு நான் நிறுத்தலக்கா. சொன்னது அவரு. அதான்."

வெள்ளிக்கிழமை அக்கா அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்தாள். மேனேஜரிடம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்திருந்தாள். தம்பி பதினெட்டு வயதில் பட்ட காய்ச்சலில் ஆரம்பித்து ஏழு வாக்கியம். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் லிஃப்டில் ஏறினாள். வக்கீல் இருந்தார். தட்டச்சுப் பெண்கள் இருவர். மூன்றாம் மாடியில், பல் டாக்டரைப் பார்த்துவிட்டு அதே கையோடு வக்கீலையும் பார்க்கப் போகும், கன்னம் வீங்கிய ஒருவர் ஏறினார். மூன்றாம் மாடி தாண்டியதும் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். இன்றைக்கு ஒரு நாள் மட்டும், இன்றைக்கு ஒரே ஒரு தடவை மட்டும், என்று கடவுளிடம் கடகடவென்று கேட்டாள்.

லிஃப்ட் நின்றது. தரையோடு தரையாக, அலுங்காமல் நின்றது. கம்பிக் கதவு திறந்தது. வக்கீல் கைக்கடிகாரத்தை எல்லோருக்கும் தெரிகிறாற்போல் உயர்த்திப் பார்த்தார்.

மாடிப்படித் திருப்பத்திலிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். முப்பது வயதிருக்கும். முழங்கால் வரை நனைந்திருந்தாள். கையில் தண்ணீர் வாளி, தோளில் தரை துடைக்கும் துணி. லிஃப்டுக்கு நேர் எதிரே வாளியை டக்கென்று வைத்தாள்.

"இன்னைக்கும் வேவு பாக்க வந்தாச்சா?"

தம்பி திருதிருவென்று விழித்தான். அவள் விடவில்லை.

"மூணு மாசமாப் பாக்குறேன். நான் எப்ப உட்கார்ந்தாலும் இந்தக் கதவு வந்து திறக்குது. நானும் வாளியைத் தூக்கிக்கிட்டு சுவரோரமா ஒளியுறேன். உட்கார்ந்தது தப்புன்னா நேருக்கு நேரா சொல்லுங்க. கீழேயிருந்து ஏழு மாடிக்குத் தண்ணி சுமக்குறவ, நாலுல ஒரு நிமிஷம் உட்காரக் கூடாதா?"

"நீங்க இங்க இருக்கீங்கன்னே எனக்குத் தெரியாதுங்க."

"அப்புறம் எதுக்குத் திறந்தீங்க?"

"திறக்கச் சொன்னாரு."

"யாரு, மேனேஜரா?"

"இல்லீங்க. மேனேஜர் திறக்காதேன்னுதான் சொன்னாரு."

கன்னம் வீங்கியவர் சிரித்துவிட்டு, வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். படி கழுவுகிறவர்கள் வாளியோடு லிஃப்டில் ஏறக் கூடாது, படியில் உட்காரவும் கூடாது என்பது கட்டடத்தின் விதி. மற்ற மாடிகளில் உட்கார்ந்தால் யாராவது பார்த்துச் சொல்லிவிடுவார்கள். ஆளில்லாத மாடி நாலு ஒன்றுதான். அதனால் இடுப்பு விட்டுப்போகும்போதெல்லாம் அவள் அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள். லிஃப்ட் நிற்கும் சத்தம் கேட்டதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மறைந்திருக்கிறாள். மூன்றரை மாதமாக ஒருவன் அவளுக்காகக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தான். யாருக்காக என்று அவனுக்குத் தெரியாது. தனக்காகத்தான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, ஆனால் பிடித்துக் கொடுக்க என்று நினைத்திருந்தாள்.

தம்பி முக்காலியிலிருந்து எழுந்தான். ஒரு பக்கம் சாய்ந்து நடந்துபோய் வாளியைத் தூக்கி லிஃப்டுக்குள் வைத்தான்.

"ஏறுங்க."

"ஏம்ப்பா, வாளியோடவா?" என்றார் வக்கீல்.

"ஆமாங்க சார். நீங்க கொஞ்சம் மூச்ச இழுத்துப் பிடிச்சா இடம் இருக்கு."

வக்கீல் என்ன நினைத்தாரோ, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். ஐந்தாம் மாடி வரை அவர் மூச்சே விடவில்லை என்று தட்டச்சுப் பெண்கள் பிறகு ஊரெல்லாம் சொன்னார்கள். அந்தப் பெண் ஒரு மூலையில் ஒடுங்கி நின்றாள். ஏழாம் மாடியில் இறங்கும்போது, இத்தனை நாளில் இந்தப் பெட்டிக்குள் ஏறியது இதுதான் முதல் தடவை, தலை சுற்றுகிறது என்றாள்.

மேனேஜர் அறையில் அக்காவுக்கு ஏழு வாக்கியமும் மறந்துவிட்டன. மேனேஜர் ஒரே கேள்விதான் கேட்டார். இனிமேல் நிறுத்துவாயா?

"இனிமே தேவைப்படாதுன்னு தோணுது சார். ஆனா மறுபடி சொன்னா நிறுத்துவேன்."

அக்கா அவன் முதுகில் கிள்ளினாள். அவன் சொன்னதை மாற்றவில்லை. விதியை மீறி வாளி ஏற்றியதும் அதற்குள் மேனேஜர் காதுக்குப் போயிருந்தது. திங்கட்கிழமை முதல் வேறு ஆள் என்று அவர் காகிதத்தில் எழுதினார். தம்பி கட்டைவிரலை உருட்டிவிட்டு எழுந்தான்.

திரும்பி வரும் வழியில் அக்கா கேட்டாள், அவளுக்காகத்தானா இவ்வளவும் என்று. இருக்கலாம், அவரிடம் கேட்கவில்லை என்றான். வேலை போச்சே என்றாள். ஆமாம் போச்சு என்றான். நடந்துகொண்டே ஒரு தடவை கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தான். அவனும் மனிதன்தானே. மறுநாள் காலையில் அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபோது அக்கா அடுப்புக்குப் போகவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தாள். எதுவும் கேட்கவில்லை. குழாய் சொட்டுவது மட்டும்தான் காதில் விழுந்தது. ஆனாலும் பத்து நிமிடம் வரை எழுந்துகொள்ளத் தோன்றவில்லை.

வேலை இல்லாத நாட்களில் அவன் தினமும் பத்து மணிக்குக் கிளம்பிப் போவதை அவள் கவனித்தாள். வேலை தேடுகிறான் என்று நினைத்தாள். தட்டச்சுப் பெண்களில் ஒருத்தியைக் கடைத்தெருவில் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கீழிருந்து நாலாம் மாடி வரை அவன் தண்ணீர் சுமக்கிறான். அங்கிருந்து ஏழு வரை அந்தப் பெண். இந்தக் காலை வைத்துக்கொண்டு படியேறலாமா என்று அக்கா சத்தம் போட்டாள். படியில் ஒரு கால் எப்போதும் மேலேதானே இருக்க வேண்டும், தரையைவிட அதுதான் தனக்குச் சௌகரியம் என்று அவன் சிரித்தான்.

புதிதாக வந்த லிஃப்ட்காரன் நாலாம் மாடியில் நிறுத்தவில்லை. மற்ற மாடிகளில் நிறுத்தினான், ஆனால் மட்டத்தில் நிறுத்தவில்லை. முதல் வாரத்தில் மூன்று பேர் தடுக்கினார்கள். பல் டாக்டரிடம் புதுப் பல் கட்டிக்கொண்டு இறங்கிய ஒருவர் வாசலில் விழுந்து, அப்படியே மறுபடி டாக்டரிடம் போனார். இரண்டாம் வாரம் வக்கீல் வழக்குக் கட்டுகளோடு குப்புற விழுந்தார். பதினைந்தாம் நாள் மேனேஜருக்கு இன்னொரு மனு வந்தது. அதே கையெழுத்து, அதே வக்கீல். கீழே இருபத்தாறு பேர். பழைய ஊழியரையே திரும்ப அமர்த்த வேண்டும் என்று எழுதி, கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: நாலாம் மாடியில் நிற்பதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.

தம்பி முக்காலிக்குத் திரும்பினான். பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை வாளியை லிஃப்டில் ஏற்றலாம் என்று மேனேஜர் விதியைத் தளர்த்தினார். நாலாம் மாடியில் நிறுத்து என்ற சொல் அவனுக்கு மறுபடி வரவில்லை. வராததைப் பற்றி அவன் கவலைப்படவும் இல்லை.

டிசம்பரில், சட்டைப் பொத்தான் ஒன்றைத் தைத்துக் கொடுக்கச் சொல்லி வந்து நின்றவன், பொத்தானைக் கொடுக்காமலே நின்றான். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணின் வீட்டுக்கு அவளே போனாள். ஒற்றை அறை, துடைத்துவைத்தாற்போல் சுத்தம். பெண்ணுக்கு ஒரு அண்ணன் மட்டும், வெளியூரில். அக்கா தன் வழக்கப்படி எல்லாவற்றையும் விசாரித்தாள். கட்டடத்தில் என்றைக்கு வேலைக்குச் சேர்ந்தாய் என்றும் கேட்டாள்.

"ஜூலை ஏழு. திங்கட்கிழமை."

அக்கா விரல் விட்டு எண்ணினாள். தம்பிக்கு அந்தச் சொல் வந்தது அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை. அவள் வருவதற்கு மூன்று நாள் முந்தி. அக்கா இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தாள். பிறகு தம்பிக்குப் பெண் கேட்டு வந்த காரியத்தைச் சொன்னாள்.

"மூணு மாசம் என் உசுர வாங்கினவருக்கா?" என்றாள் அந்தப் பெண். சிரித்தாள், பிறகு முகத்தை முந்தானைக்குள் புதைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். அக்கா அவள் முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

கல்யாணத்தைப் பதிவு செய்யும் அலுவலகத்தில் கட்டைவிரல் வைத்தாலே போதும். ஆனால் மாப்பிள்ளை வேண்டாம் என்றுவிட்டான். அக்கா ஆறு வருடத்தில் செய்ய முடியாததை அந்தப் பெண் ஆறு வாரத்தில் செய்திருந்தாள். எழுத்தைப் படிக்க அவள் சொல்லவில்லை. அதை லிஃப்ட் மாதிரி ஓட்டச் சொன்னாள்: இங்கே ஏறு, இங்கே வளை, இங்கே விடு. மத்தியானங்களில் நாலாம் மாடித் தரையில், ஈர விரலால் அவன் தன் பெயரை ஓட்டிப் பழகினான். காய்ந்து மறைந்ததும் மறுபடி ஓட்டினான். அக்காவுக்கு முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. பிறகு அந்தச் சுருக்கும் போய்விட்டது.

குமாஸ்தா பழக்கதோஷத்தில் மைப்பெட்டியை அவன் பக்கம் நகர்த்தினார். அவன் அதைத் திருப்பி நகர்த்திவிட்டுப் பேனாவை எடுத்தான். நாக்கு நுனி வெளியே தெரிய, ஒவ்வொரு எழுத்தின் முடிவிலும் கையை நிதானமாக எடுத்து எழுதினான். எழுத்துகள் பெரிதும் சிறிதுமாக இருந்தன. ஆனால் கோட்டின் மேல் ஒரு மயிரிழை ஏறாமல் இறங்காமல், மட்டமாக நின்றன. பக்கத்தில் அவள் கையெழுத்திட்டாள். சாட்சியாக அக்கா கையெழுத்திட்டாள். மை காயும் வரை குமாஸ்தா பதிவேட்டை மூடக் கூடாது என்று அக்கா பிடிவாதம் பிடித்தாள், அவரும் மூடாமல் காத்திருந்தார்.

அன்று 1987ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 12ஆம் தேதி, வியாழக்கிழமை.